லிங்க்கு போட்ட வேலி

எங்க ஊரு ஏரி ரொம்பி நான் பாத்ததே இல்ல. ஓட்டு கேட்டு வந்தவங்க எல்லாம் ரொப்பித் தர்றோம்னு சொல்லிட்டுப் போனாங்க. கெடா வெட்டுனோம். ரெண்டு கழுதைக்கு கல்யாணம் கூட பண்ணி வெச்சோம். கழுதைங்க நல்லாத்தான் இருக்குதுங்க, ஏரிதான் ரொம்பல. கடசில அந்த ஏரிய கரை தளும்ப ரொப்புனது ஒரே ஒரு ஆளு. ஒரு சொட்டு மழ இல்லாம, ஏரில கால வெக்காம, ஒம்பது மாசம் போட்ட பனியன மாத்தாம ரொப்புனான். அவன் பேரு லிங்க்கு.

அப்பா அம்மா வெச்ச பேரு ஒண்ணு இருக்குது. அது ரேசன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். நானும் அவனும் பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. பரீட்சைல அவன் பேப்பர பாத்துதான் நான் எழுதுனேன். அவன் பாஸு, நான் ஃபெயிலு. அது எப்பிடி நடந்துச்சுன்னு எங்க கணக்கு வாத்தியாருக்கே இன்னி வரைக்கும் புரியல. நான் குட்டியானை ஓட்டப் போயிட்டேன். குட்டியானைன்னா தெரியும்ல, சின்ன லோடு வண்டி. மாரண்டஹள்ளி சுத்துவட்டாரத்துல தக்காளி லோடு. அவன் மேல மேல படிச்சு பெங்களூர்ல ஒரு கேம் கம்பெனில சேந்தான்.

அங்க அவனுக்கு என்னா வேலன்னா, போன்ல சீட்டாட்டம் இருக்குதுல்ல, அதுல ஜெயிச்சா தங்கக்காசு கொட்டும்ல, அந்தக் காசு எப்பிடி பளபளன்னு உருண்டு வுழணும்னு வரையணும். மூணு வருசம் அதையே வரைஞ்சான். ஒரு நா பஸ் ஏறி ஊருக்கு வந்துட்டான்.

அவங்கம்மா வாசல்லயே புடிச்சிக்கிச்சு. "ஏன்டா வந்துட்ட?"

"மூணு வருசமா காசு கொட்டுறம்மா. எவனுக்கும் ஒண்ணும் சேரல."

அவங்க வூட்ல தெலுங்கு. அதுக்கு மேல அந்தம்மா பேசுனது எனக்குப் புரியல. "பிச்சி, பிச்சி"ன்னு ரெண்டு தடவ சொன்னது மட்டும் புரிஞ்சுது. பைத்தியத்த அவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க.

அந்தம்மா சொன்னது தப்பில்லன்னு அடுத்த வாரமே தெரிஞ்சு போச்சு. எங்க ஊரு மொத்தத்தையும் கேம் மாதிரி வரைஞ்சு, யாரு வேணா போன்ல தொறந்து உள்ள நடக்கற மாதிரி பண்ணப் போறேன்னான். சரி, பண்ணு. ஆனா எதையும் டவுன்லோடு பண்ணக் கூடாதாம். லிங்க்க தொட்டா, பேப்பர் தொறக்கற மாதிரி பிரவுசர்லயே தொறக்கணுமாம். அங்கதான் அவனுக்கு கிறுக்கு புடிச்சுது.

"ஏன்டா, எல்லாரும் டவுன்லோடுதான பண்றாங்க?"

"உங்கப்பா போன எடு. எவ்ளோ எடம் காலி இருக்குது பாரு."

எடுத்துப் பாத்தேன். ஒண்ணுமில்ல. மொத்த போன்லயும் காலை வணக்கம் படம். ரோசாப்பூ, மயிலு, பிள்ளையாரு, மறுபடியும் ரோசாப்பூ.

"பாத்தியா? இந்த ஊருல ஒரு போன்லயும் எடம் இல்ல. எல்லாத்தையும் ரோசாப்பூ புடிச்சிக்கிச்சு. நாம பிரவுசர்லதான் பொழைக்கணும்."

அன்னைல இருந்து பாக்கறவங்ககிட்ட எல்லாம் "லிங்க்கு அனுப்பறேன், தொட்டுப் பாருங்க"ன்னு ஆரம்பிச்சான். பேரு நின்னு போச்சு. லிங்க்கு தெருவுல வர்றான்னா போன இடுப்புல சொருகிக்கிட்டு ஓடுனவங்க உண்டு. ஏன்னா அப்ப அவன் அனுப்புனதெல்லாம் அரகொற லிங்க்கு, தொட்ட போனு சூடாவும். டீக்கட மாஸ்டர் போனு ஒரு தடவ சூடாயி, அவரு அத டம்ளருக்கு அடியில வெச்சுட்டு, "டீ ஆறாம இருக்குதுடா, இதுக்கு மட்டும் ஒதவுது"ன்னாரு. மாட்டுப் பொங்கலுக்கு லிங்க்கு அவங்க வூட்டு எருமைக் கொம்புல அந்தக் கட்டம் கட்டமா ஸ்கேன் பண்றது இருக்குதுல்ல, அத பெயிண்ட்ல வரைஞ்சு வுட்டான். எருமை நின்னாத்தான ஸ்கேன் பண்ண?

ஊர அளக்கறதுக்கு அவன் பட்ட பாடு இருக்குதே. ஒரு மூங்கில் கழிய எடுத்துக்கிட்டு தெருத் தெருவா போவான். செவுத்த தடவுவான். எங்க வூட்டு செவுத்துல சுண்ணாம்பு உரிஞ்ச எடத்த மட்டும் பதினாறு போட்டோ எடுத்தான்.

எங்கம்மாவுக்கு மானம் போச்சு. "ஏன் கண்ணு, அந்தாண்ட நல்ல செவுரு இருக்குதே?"

"நல்ல செவுரு எல்லா ஊருலயும் இருக்குது அத்த. இந்த மாதிரி உரிஞ்சது எங்கயும் கெடைக்காது."

இத பாராட்டுன்னு எடுத்துக்கறதா, சண்ட போடறதான்னு தெரியாம எங்கம்மா அவனுக்கு ஒரு டம்ளர் டீ குடுத்துச்சு. அதுல இருந்து தெனமும் வர ஆரம்பிச்சான்.

கடசில ஒரு நாள் மொத்த ஊரும் இருக்கற லிங்க்கு வந்துச்சு. தொட்டோம். ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. அப்பறம் தொறந்துச்சு.

அய்யோ, என்னான்னு சொல்றது. எங்க ஊருதான். எங்க டீக்கடதான். ஆனா சாயங்கால வெய்யிலு ஓட்டு மேல மஞ்சளா வுழுந்து கெடக்குது. வேப்பமரம் ஆடுனா கீழ நெழலும் ஆடுது. ஏரில தண்ணி! கரை வரைக்கும் தண்ணி! காத்தடிச்சா சுருங்கி சுருங்கி மினுக்குது. நெசத்துல அங்க சீமக்கருவேல முள்ளுதான் கெடக்குது. டீக்கடைல எட்டு பேரு ஒரே போனுக்குள்ள தலைய வுட்டுக்கிட்டு நின்னாங்க. மாஸ்டர்தான் மொதல்ல குத்தம் கண்டுபுடிச்சாரு.

"ஏன்டா லிங்க்கு, தூரத்துல பனி மூடிக் கெடக்குதே, வைகாசில ஏதுடா பனி?"

"அந்தப் பனிக்குப் பின்னால ஒண்ணுமே இல்லண்ணா. மலையெல்லாம் வரைஞ்சா உங்க போனு வெடிச்சிரும். அதான் பனி போட்டு மூடிட்டேன்."

"அந்த தென்ன மரம் என்னாடா, பக்கத்துல போனாத்தான் மரமா தெரியுது?"

"தூரத்துல இருக்கறப்ப அது வெறும் அட்டைண்ணா. பக்கத்துல போனாத்தான் நெச மரம்."

"நம்ம கவுன்சிலருக்கு நேர் எதிரு"ன்னாரு மாஸ்டரு. "அந்தாளு தூரத்துலதான் ஆளு, கிட்டப் போனா அட்டை."

இது வரைக்கும் சரி. இதுக்கப்பறம் எங்க ஊரு சனங்க ஒரு வேல பண்ணாங்க. உலகத்துல வேற எந்த ஊருலயும் இப்பிடி பண்ணியிருக்க மாட்டாங்க.

அது என்னான்னா, இப்ப பட்டா, சிட்டா, சாதி சர்ட்டிபிகேட்டு, பென்சன், எல்லாமே பிரவுசர்லதான வருது? கைல பத்திரம் வெச்சிருந்தாலும், "கம்ப்யூட்டர்ல காட்டலயே"ன்னா அவ்ளோதான், நெலம் நம்முளுது இல்ல. கம்ப்யூட்டர்ல காட்டுனா நெலம் இல்லாதவனுக்கும் நெலம். இப்பிடியே பழகிப் போன சனத்துகிட்ட, பிரவுசர தொறந்தா வூடு, மாட்டுக்கொட்டாய், வரப்பு, கெணறு எல்லாம் அச்சு அசலா தெரிஞ்சா என்னா நெனப்பாங்க? "லிங்க்கு ஊர கம்ப்யூட்டர்ல ஏத்திட்டான்"னு பேச்சு பரவிடுச்சு. அடுத்த நாள் காலைல லிங்க்கு வூட்டு வாசல்ல வரிசை.

"தம்பி, என் மாட்டுக்கொட்டாய வூடுன்னு மாத்திடு."

"மாத்துனா?"

"வூடு கட்ற திட்டத்துல காசு வரும்ல?"

"அக்கா, இது கேமுக்கா. வெளையாட்டு."

"நானும் வெளையாட்டுக்கா கேக்கறேன்? ரெண்டு தேங்கா கொண்டாந்திருக்கேன் பாரு."

ஒருத்தரு எதுத்த வூட்டுக்காரன் மாடிய ஒரு அடி கொறைக்கச் சொன்னாரு. கவுன்சிலரு இருக்காரே, அவருதான் கெட்டி. எங்க தெருவுக்கு தார் ரோடு போட்ட மாதிரி வரையச் சொன்னாரு. தொல்ல தாங்காம லிங்க்கு வரைஞ்சு குடுத்தான். அத அப்பிடியே போட்டோ புடிச்சு, சாதனைன்னு பேனர் அடிச்சு, அந்தக் குண்டு குழி ரோட்டுலயே நட்டு வெச்சாரு. பேனர பாத்துக்கிட்டே வந்த ஒருத்தரு வண்டியோட குழில வுழுந்தாரு.

இங்கதான் எங்கப்பா வர்றாரு.

எங்கப்பாவுக்கு இருந்தது ஒண்ணேகால் ஏக்கரு கொல்லை. ரோட்டுல இருந்து அதுக்குப் போவணும்னா எங்க பெரியப்பா நெலத்து ஓரமா ஒரு வண்டித்தடம். பெரியப்பான்னா அப்பாவோட கூடப் பொறந்த அண்ணன். பன்னெண்டு வருசத்துக்கு முன்னால பெரியப்பா போர் போட்டாரு, தண்ணி வந்துச்சு. ஆறு மாசம் கழிச்சு அப்பா போட்டாரு, பெரியப்பாவுக்கு தண்ணி கொறஞ்சு போச்சு. தம்பி உறிஞ்சிட்டான்னு சொல்லி தடத்த மறிச்சு கல்லுக்கால் நட்டு முள்ளுக்கம்பி கட்டிட்டாரு. அன்னைக்கோட பேச்சு நின்னுது. அதுல இருந்து எங்க கொல்லைக்கு ஏரிக்கரைய சுத்தித்தான் போவணும். ஒத்தையடிப் பாதை. நான் வண்டி வாங்கி ஊரு தக்காளியெல்லாம் ஏத்தறேன், எங்கப்பா தக்காளிய மட்டும் அவரு தலைல சொமந்துட்டு வந்து ரோட்டுல வெக்கிறாரு. பன்னெண்டு வருசமா மனு. எல்லா திங்கக்கெழமையும் சட்டைய மாத்திக்கிட்டு கெளம்பிடுவாரு. எந்த ஆபீசுன்னு நான் சொல்லல, எல்லா ஆபீசுக்கும்தான் போனாரு. "பரிசீலனையில் உள்ளது"ன்னு வந்த கடுதாசி மட்டும் ஒரு மஞ்சப்பை ரொம்ப இருந்துச்சு.

அவரு ஒரு நா லிங்க்குகிட்ட கேட்டாரு. "ஏம்ப்பா, எங்க கொல்லைக்குப் போற தடம் அதுல இருக்குதா?"

இருந்துச்சு! லிங்க்கு வேலிய வரையவே இல்ல. ஸ்கூலு படிக்கறப்ப எங்க மாங்கா திருட அந்தத் தடத்துலதான் வருவான். கண்ணுல இருந்தத அப்பிடியே வரைஞ்சிட்டான். ரெண்டு சக்கரக் குழி, நடுவுல புல்லு, ஓரமா ஒரு புங்கமரம்.

அப்பா போன மூஞ்சிகிட்ட கொண்டு போனாரு. நடக்கப் பாக்கறாரு, போனு நவுரல. அது நான் மூணு வருசம் ஓட்டிட்டு அவருக்கு குடுத்த போனு, கண்ணாடி முழுக்க வெடிப்பு. செகண்டுக்கு முப்பது படம் ஓடுனாத்தான் ஆளு நடக்கற மாதிரி இருக்குமாம். அத பிரேமுன்னு சொல்லுவான். அப்பா போன்ல வந்தது நாலு பிரேமு. ஒரு எட்டு வெச்சா, வெத்தல போட்டுட்டு வந்துடலாம், அப்பறம்தான் அடுத்த எட்டு. அதுவுமில்லாம எங்கப்பா வெரலு காய்ச்சுப் போன வெரலு, போனு அத வெரலுன்னே ஒத்துக்காது. சுண்டு வெரல நாக்குல தொட்டுத் தொட்டுத்தான் நடந்தாரு.

லிங்க்கு தலைல கை வெச்சுக்கிட்டான். "மாமா, அந்த நடு புல்ல எடுத்துட்டா நல்லா ஓடும். புல்லுதான் போன கொல்லுது."

"நடுவுல புல்லு இல்லன்னா அது வண்டித்தடமாப்பா? கவுன்சிலரு போட்ட ரோடா அது?"

"இப்பத்திக்கு எடுக்கறன் மாமா. அப்பறம் எப்பிடியாவது வெச்சுத் தர்றேன்."

எடுத்தான். பத்து பிரேமு வந்துச்சு. அதுல இருந்து எங்கப்பா தெனமும் காலைல ஏழு மணிக்கு டீய கைல வெச்சுக்கிட்டு, போன்ல அந்தத் தடத்துல நடந்து கொல்லைக்குப் போயி, பாத்துட்டு, திரும்பி வருவாரு. அப்பறம் டம்ளர வெச்சுட்டு, நெசமா கொல்லைக்கு ஏரிக்கரைய சுத்திப் போவாரு. லிங்க்கும் ஏழு மணிக்கு வந்துடுவான். போன புடுங்கிப் பாப்பான், எதையோ கொறைப்பான், எதையோ மாத்துவான், புல்ல வெச்சுப் பாப்பான், நின்னு போவும், மறுபடியும் எடுப்பான். எங்கம்மா ரெண்டு பேத்துக்கும் டீ போட்டு, "இவங்க புல்லு வெச்சு முடிக்கறதுக்குள்ள மாடு கன்னு போட்டுரும்"னு சொல்லும்.

விசயம் பெரியப்பா காதுக்குப் போச்சு. பட்டாவ தூக்கிக்கிட்டு லிங்க்கு வூட்டுக்கு வந்துட்டாரு. பெரியப்பா நடந்து வந்தாலே தூசி பறக்கும்.

"எடுறா தடத்த!"

"மாமா, இது வெறும் கேமு..."

"எனக்கே கத சொல்றியா? கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சுன்னா நாளைக்கு கோர்ட்டுல காட்டுவான் உங்க மாமன். வேலி போடு. கல்லுக்கால் பதிமூணு. எண்ணிக்க."

லிங்க்குக்கு பயம். ஒக்காந்து வேலி போட்டுட்டான். போட்டதுதான் போட்டான், அத நல்லா போட்டுத் தொலைச்சுட்டான். பதிமூணு கல்லு. ஒவ்வொரு கல்லுலயும் உளித் தழும்பு. முள்ளுக்கம்பில வெய்யிலு பட்டு மின்னுது. பெரியப்பாவே பாத்துட்டு, "நான் போட்டத வுட நல்லாருக்குதுடா"ன்னுட்டு சந்தோசமா போனாரு.

மறுநாள் காலைல எங்கப்பா டீய எடுத்தாரு, போன தொறந்தாரு, அப்பிடியே ஒக்காந்துட்டாரு. ஏழு மணிக்கு லிங்க்கு வந்தான். அப்பா அவன நிமுந்து கூட பாக்காம கேட்டாரு.

"இங்கயும் போட்டுட்டீங்களாப்பா?"

எனக்கு அவன ரெண்டு சாத்து சாத்தலாம்னு இருந்துச்சு. அவன் வந்து அப்பா பக்கத்துல குந்துனான். "நடங்க மாமா."

"எங்க நடக்கறது, அதான் மறிச்சுட்டியே."

"நடங்களேன்."

அப்பா சுண்டு வெரல நாக்குல தொட்டு நடந்தாரு. வேலி வந்துச்சு. வேலிக்குள்ளயே பூந்து அந்தாண்ட போயிட்டாரு!

லிங்க்கு மெதுவா சொன்னான். "கேமுல ஒரு பொருள வரைஞ்சா மட்டும் அது மறிக்காது மாமா. அதுக்கு உடம்புன்னு தனியா குடுக்கணும். செவுத்துக்கு குடுத்திருக்கேன், மரத்துக்கு குடுத்திருக்கேன். இந்த வேலிக்கு குடுக்கல."

எங்கப்பா சிரிச்சு நான் பாத்து ரொம்ப நாளாச்சு. அன்னைக்கு டீ கீழ ஊத்திக்கிச்சு.

ஒரு மாசத்துல பெரியப்பாவுக்கும் தெரிஞ்சு போச்சு. அவரும் சும்மா இருக்காம போன்ல தெனமும் வேலிய பாத்துக்கிட்டே இருப்பாரு போல. ஒரு நா வெரல் தவறி வேலிக்குள்ள பூந்து எங்க கொல்லைல போயி நின்னுட்டாரு.

"என்னாடா வேலி இது? ஆடு கூட பூந்துரும் போல?"

"கேமுல ஆடு இல்லீங்க மாமா."

"என்னா செய்யணுமோ செய்யி. யாரும் பூரக் கூடாது."

லிங்க்கு அதுக்குள்ள தேறிட்டான். வரிசைல வந்த சனங்ககிட்ட பேசிப் பேசி அவனுக்கும் ஆபீசு புத்தி வந்துடுச்சு. "மனு எழுதிக் குடுங்க மாமா. திங்கக்கெழம வாங்க."

திங்கக்கெழம போனாரு. "சர்வர் டவுனு, அடுத்த வாரம் வாங்க." அடுத்த வாரம் போனாரு. "போட்டோ ஒட்டலயே மாமா." போட்டோ ஒட்டிக்கிட்டுப் போனாரு. "பரிசீலனைல இருக்குது." எங்கப்பா பன்னெண்டு வருசம் பட்டத பெரியப்பா மூணு மாசத்துல பட்டாரு. எனக்கு ரொம்ப சந்தோசம். ஆனா அப்பா சிரிக்கல. "வயசானவன ஏம்ப்பா அலைய வுடற? அவனுக்கு முட்டி வலி"ன்னாரு. பன்னெண்டு வருசத்துல அண்ணனப் பத்தி அவரு பேசுன மொத வார்த்த அது.

இதுக்கு நடுவுல லிங்க்கு இன்னொண்ணு பண்ணான். ரெண்டு பேரு ஒரே நேரத்துல லிங்க்க தொறந்தா ஒருத்தர ஒருத்தரு உள்ள பாத்துக்கலாம். ஆனா எல்லாத்துக்கும் ஒரே பொம்மதான் வரைஞ்சான். வேட்டி, தோள்ல துண்டு. பொம்பளைங்களுக்கும் அதே வேட்டி. கவுன்சிலரு சம்சாரம் வந்து சண்ட போட்டுட்டுப் போச்சு.

ஒரு நாள் காலைல அப்பா வேலிகிட்ட போறாரு, அந்தாண்ட ஒரு பொம்ம நிக்குது. எல்லா பொம்மையும் ஒண்ணுதான, யாருன்னு எப்பிடி தெரியும்? ஆனா வர்றது எங்கப்பான்னு பெரியப்பாவுக்கு தெரிஞ்சிருக்கும். ஊருலயே தத்தித் தத்தி நடக்கற பொம்ம எங்கப்பா ஒருத்தருதான், போனு அப்பிடி. நிக்கறது அண்ணன்னு அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கும். காலைல ஏழு மணிக்கு வந்து வேலிய காவல் காக்கறவன் வேற எவன்? பேசறதுக்கு அதுல வழி இல்ல. அந்த பொம்மையும் நவுரல, எங்கப்பாவும் நவுரல. டீ ஆறிப் போச்சு. அடுத்த நாளும் அப்பிடியே. அதுக்கடுத்த நாளும். கொஞ்ச நாள் கழிச்சு அந்த பொம்ம வரலன்னா, "முட்டி வலி அதிகமாயிடுச்சோ என்னமோ"ன்னு அப்பா தனக்குத்தானே சொல்லிக்குவாரு. வூடு நாலு வூடு தள்ளிதான் இருக்குது. போயி கேக்க மாட்டாரு.

போன ஐப்பசில அப்பா போயிட்டாரு. கொல்லைல தக்காளிச் செடிக்கு குச்சி நட்டுக்கிட்டு இருந்தாரு. நெஞ்சு வலிக்குதுன்னு வரப்புல ஒக்காந்தாரு. வண்டி உள்ள போவாது. நானும் ரெண்டு பேரும் கட்டில்ல வெச்சு ஏரிக்கரைய சுத்தித் தூக்கிட்டு வந்தோம். ரோட்டுல என் வண்டி நிக்குது. தருமபுரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அந்தத் தடம் இருந்திருந்தா பொழச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட நான் கேக்கவும் இல்ல.

எங்க தாத்தாவ பொதைச்சது எங்க கொல்லைலதான். அப்பாவையும் அங்கதான் வெக்கணும், அவரும் சொல்லி வெச்சிருந்தாரு. ஆனா முந்துன நாள் மழ. ஏரிக்கரை வழுக்குது, ஒத்தையடிப் பாதைல பாடைய நாலு பேரு தூக்கிட்டுப் போவ முடியாது. பங்காளிங்க பேசிப் பேசி, சுடுகாட்டுக்கே கொண்டு போயிடலாம்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. பெரியப்பாவ காணோம். சாவுக்கு கூட வரலன்னு எல்லாரும் பேசுனாங்க.

எதுக்கும் ரோட்டு வரைக்கும் போயி பாக்கலாம்னு பாடைய தூக்கிட்டுப் போனோம். போனா, பெரியப்பா அங்க நிக்கிறாரு. கைல கடப்பாரை. மூணு கல்லுக்கால் சாஞ்சு கெடக்குது. முள்ளுக்கம்பிய சுருட்டி ஓரமா போட்டிருக்காரு. உள்ளங்கைல ரத்தம்.

ஒரு பங்காளி கேட்டாரு. "என்னாண்ணா, பன்னெண்டு வருசமா வுடல, இன்னைக்கு பிரிச்சுட்ட?"

பெரியப்பா யாரு மூஞ்சியையும் பாக்கல. "தடம் கம்ப்யூட்டர்லயே ஏறிப்போச்சு. நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா நான்தான அலையணும்? எனக்கு முட்டி வலி."

சொல்லிட்டு வந்து பாடைக்கு தோள் குடுத்தாரு.

இப்ப வேற பிரச்சன. பன்னெண்டு வருசமா யாரும் நடக்காததுல உள்ள ஆள் ஒசரத்துக்கு புல்லும் பூண்டுமா மொளச்சிருக்குது. தடம் எங்க இருந்துச்சுன்னே யாருக்கும் தெரியல. அந்தாண்ட போர் தோண்டுன பள்ளம் வேற. அப்ப லிங்க்கு முன்னால வந்தான். போன தொறந்தான். அதுல தடத்த பாத்துக்கிட்டே நடக்கறான், நாங்க பின்னால போறோம். "இப்பிடி எடப்பக்கம் வாங்க... நேரா... இங்க ஒரு புங்கமரம் இருக்கணும்..." புங்கமரம் இருந்துச்சு. போனு சூடாயி கைய மாத்தி மாத்தி புடிக்கிறான். மூக்க வேட்டில தொடைக்கிறான். தார தப்பட்ட ஒரு பக்கம். நடுவுல இவன், "ரெண்டு அடி தப்பா வரைஞ்சிட்டன்டா, புங்கமரம் இந்தாண்ட இருக்குது, ரெண்டு அடி தப்பா போச்சுடா"ன்னு ஒப்பாரி வெக்கிறான். எழவு வூட்டுல இப்பிடி ஒரு ஒப்பாரிய யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. தப்பட்டக்காரரே நிறுத்திட்டு இவன பாத்தாரு.

அப்பா அந்தத் தடத்துலதான் போனாரு.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு மறுநாள். காலைல ஏழு மணி. லிங்க்கு வந்தான். "மாமா போனு எங்க?"

எடுத்துக் குடுத்தேன். என்னமோ பண்ணான், என்கிட்ட நீட்டுனான். வேலி இல்ல. புங்கமரம் ரெண்டு அடி நவுந்து சரியா நின்னுச்சு. நடந்தேன். நிக்கல, தத்தல, தண்ணி மாதிரி போச்சு. நடுவுல புல்லு. எங்கப்பா கேட்ட புல்லு, காத்துக்கு சாஞ்சு சாஞ்சு நிமுருது. அந்த வெடிச்ச போன்ல.

"அவரே இல்ல. இந்த ஓட்ட போனுக்காடா இவ்ளோ நாள் ஒக்காந்த?"

தலைய சொறிஞ்சான். "அப்பிடி இல்லடா. இதுல ஓடுனா எதுலயும் ஓடும். டெஸ்டிங்குக்குத்தான்."

அவன் பனியன பாத்தேன். காரியத்தன்னைக்கு போட்டிருந்த அதே பனியனு. அவன் தூங்குன மாதிரியே இல்ல.

இப்பவும் தெனமும் ஏழு மணிக்கு வர்றான். எங்கம்மா டீ போடுது. ரெண்டு டம்ளர்தான், ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவனுக்கு. பெரியப்பா அந்தக் கல்லுக்கால திருப்பி நடல, கேட்டா கேஸு, கோர்ட்டுன்னு என்னமோ சொல்றாரு. என் வண்டி இப்ப கொல்லை வரைக்கும் போவுது. சக்கரம் ஓடி ஓடி ரெண்டு குழி வுழுந்துடுச்சு, நடுவுல புல்லு மொளைக்க ஆரம்பிச்சிருக்குது.

அந்தப் போன வித்துடலாம்னு மாரண்டஹள்ளி கடைக்காரரு கேட்டாரு. குடுக்கல. ராத்திரி படுக்கறதுக்கு முன்னால மறக்காம சார்ஜ் போட்டு வெக்கிறேன். காலைல அவன் வரணும்ல. டெஸ்டிங்குக்குத்தான்.